சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் ஒதுக்கி வை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புக்கும் கட்டுரைப் பாடத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "இலக்கணம் என்றால் நடத்திவிடுவேன், இதை எப்படி நடத்துவது?" என்ற உன் கேள்வி நியாயமானது. உண்மையில் இதைப் பெரும்பாலும் யாரும் நடத்துவதே இல்லை. தலைப்பைப் போர்டில் எழுதிப்போடுகிறோம், பிள்ளைகள் எழுதித் தருகிறார்கள், நாம் திருத்தித் தருகிறோம். எழுதச் சொல்வதும் திருத்துவதும் நடக்கிறது, நடுவில் கற்றுக்கொடுப்பதைத்தான் காணோம். பேனாவை எடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம், எழுதி முடித்தபின் அதையே இன்னொரு முறை எழுத ஒரு வாய்ப்பு. உன் வேலை முழுக்க இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் தலைப்பைப் பற்றி. "மழை" என்று கொடுத்தால் முப்பத்தாறு பேரும் ஒரே கட்டுரையைத் தருவார்கள். பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று நினைத்துவிடாதே. தலைப்பு அவ்வளவு பெரியது, பிடித்துக்கொள்ள அதில் எந்த இடமும் இல்லை. அதனால் கைக்கு எட்டும் பொதுவாக்கியங்களை அள்ளிப் போடுகிறார்கள். தலைப்பை ஒரு இடத்துக்கும் ஒரு பொழுதுக்கும் சுருக்கிக் கொடு. "மழையில் நனைந்துவிடக் கூடாத ஒரு பொருள்" என்று கேட்டுப் பார். ஒருவன் நோட்டு என்பான், ஒருத்தி தாத்தாவின் காது மெஷின் என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேர் ஒரே கட்டுரையை எழுத முடியாது.

"எனக்கு எழுத ஒண்ணுமில்ல சார்" என்று உட்கார்ந்திருப்பவனுக்குப் பட்டியல்தான் மருந்து. "உனக்கு எரிச்சல் தரும் பத்து விஷயம்" என்று எழுதச் சொல். முதல் ஐந்து எல்லோருக்கும் பொதுவானதாகவே இருக்கும்: பரீட்சை, வீட்டுப்பாடம், காலையில் எழுப்புவது. ஆறாவதில் பேனா நிற்கும். அங்கே உதவி செய்யாதே, காத்திரு. ஏழு, எட்டு, ஒன்பதில் வருவதுதான் அவனுடையது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு நிமிடம் சொல்லட்டும். கேட்பவன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியின் பதில் கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வாயால் சொல்லும்போது ஜோராகச் சொல்லும் பிள்ளை, தாளில் எழுதியதும் பிணமாகிவிடுவதைப் பார்ப்பாய். நம் மொழியில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. அதனால் வேறு பல மொழிப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு படி அதிகம். "வந்துச்சு" என்பதை "வந்தது" ஆக்கினால் போதும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எழுத்துத் தமிழ் என்றால் மேடைத் தமிழ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "மாமா வந்தார்" என்பது "மாமா வருகை புரிந்தார்" ஆகிறது. "சொன்னாள்" என்பது "உரைத்தாள்" ஆகிறது. ஆறாம் வகுப்பில் முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே எழுத விட்டுவிடு. இரண்டாவது வரைவில் விவரிக்கும் வாக்கியங்களை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சு அப்படியே இருக்கட்டும். "போயிட்டு" என்பது "போய்விட்டு", "இருந்தாங்க" என்பது "இருந்தார்கள்" என்று இருபது சொற்களுக்கு ஒரு அட்டவணை வகுப்புச் சுவரில் தொங்கினால் போதும்.

பீரியடை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தாய். நாற்பது நிமிடம் என்றால்: ஐந்து நிமிடம் கை நிற்காமல் எழுதுவது (இதை நீ வாங்கிப் படிக்கவே கூடாது, மதிப்பெண்ணும் கிடையாது), பத்து நிமிடம் ஒரே ஒரு உத்தியைக் காட்டுவது, பதினெட்டு நிமிடம் எழுதுவது, கடைசி ஏழு நிமிடம் இரண்டு மூன்று பேர் வாய்விட்டுப் படிப்பது. அந்தப் பதினெட்டில் முதல் ஐந்து நிமிடம் நீயும் உட்கார்ந்து எழுது. நீ வரிசைக்கு வரிசை நடந்து எட்டிப் பார்த்தால் பிள்ளை உன்னைப் பார்ப்பான், தாளைப் பார்க்க மாட்டான்.

அந்தப் பத்து நிமிடத்தில் காட்ட என்ன இருக்கிறது என்கிறாயா? ஒன்றைச் செய்தே காட்டுகிறேன். ஆறாம் வகுப்பு நோட்டில் இப்படி ஒரு பத்தி வரும் என்று வைத்துக்கொள்:

"நேற்று மழை பெய்தது. மிகவும் அழகாக இருந்தது. நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு வீட்டுக்குச் சென்றேன். பிறகு அம்மா திட்டினார்."

இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்பு மைக்கு வேலையே இல்லை. "நன்று" என்று போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பிள்ளையும் இதே மாதிரி எட்டாம் வகுப்பு வரை எழுதும். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேள்: மழை பிடித்தபோது எங்கே நின்றிருந்தாய்? கையில் என்ன இருந்தது? அம்மா சொன்ன முதல் வார்த்தை என்ன? பதில்களை வைத்துத் திரும்ப எழுதினால் இப்படி வரக்கூடும்:

"பேருந்துக்காக நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பையைச் சட்டைக்குள் திணிக்கப் பார்த்தேன், பாதிதான் போனது. வீட்டு வாசலில் 'பை நனைஞ்சிருச்சா?' என்று கேட்டார் அம்மா. நான் நனைந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை."

'மிகவும்' போய்விட்டது, 'பிறகு' போய்விட்டது. இரண்டையும் எடு என்று யாரும் சொல்லவில்லை, விவரம் வந்ததும் அவை தானாகக் கழன்றுகொண்டன. 'மிகவும்' எழுதாதே என்று தடை போட்டால் 'ரொம்பவும்' வரும், அவ்வளவுதான். மோசமான பத்தி வேண்டுமென்றால் நீயே எழுதிப் போர்டில் போடு. பிள்ளையின் பத்தியை எல்லோர் முன்னிலும் அறுத்துப் பார்க்காதே. வாத்தியார் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம் உண்டு.

கதை எழுதச் சொன்னால் கடைசி வரியில் "அப்போதுதான் தெரிந்தது அது கனவு என்று" வந்து நிற்கும். இல்லையென்றால் யாராவது செத்துப்போவார்கள். பத்துப் பாத்திரம், மூன்று ஊர், ஐந்து வருடம் என்று தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் தப்பிக்கும் வழி அது. அளவைக் கட்டிவிடு: இரண்டு பேர், ஒரு இடம், ஒரு மணி நேரம். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், மற்றவர் அதற்குக் குறுக்கே நிற்கிறார். ஒன்றரைப் பக்கம். பூட்டிய அறை, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தகராறு. இது போதும், கனவு தேவைப்படாது.

கட்டுரைக்கு வருவோம். "கைப்பேசியின் நன்மை தீமைகள்" என்ற வகைத் தலைப்புகள்தான் வாதம் எழுதும் திறமையைக் கெடுக்கின்றன என்பது என் கட்சி. அது எந்த நிலைப்பாட்டையும் கேட்பதில்லை. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, கடைசியில் "அளவோடு பயன்படுத்துவோம்". தலைப்பைக் கேள்வியாக்கு, பதில் சொன்னால் யாராவது ஒருவர் மறுக்கக்கூடிய கேள்வியாக: "வார விடுமுறைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாமா?" அடுத்தது, இதை யாருக்கு எழுதுகிறாய் என்பது. தலைமையாசிரியருக்கு எழுதினால் ஒரு காரணம் எடுபடும், மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு எழுதினால் வேறு காரணம். ஆள் மாறினால் காரணமும் மாறும் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும். வீட்டில் அனுமதி வாங்குவதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் நமக்குக் கிடையாது.

எழுதும் முன் ஒரே வாக்கியம்: "கொடுக்கக் கூடாது, ஏனென்றால்…" அந்த 'ஏனென்றால்' வெறும் அலங்காரமாக வந்தால் இன்னொரு முறை 'ஏன்' என்று கேள். "ஓய்வு வேண்டும்." ஏன்? "திங்கள்கிழமை தூக்கம் வருகிறது." ஏன்? "ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறோம்." இதோ, இங்கேதான் கட்டுரை இருக்கிறது. இதற்கு ஒரு எடுத்துக்காட்டு, பிறகு எதிர்க்கட்சிக்கு ஒரு பத்தி: "கொடுக்காவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள்." அந்த எதிர்வாதத்தை நொண்டியாக எழுதாமல், அதை நம்புகிறவர் எழுதுவது போலவே எழுதச் சொல். ஏழாம் வகுப்பில் இது தடுமாறும், எட்டாம் வகுப்பில் கைவரும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்று தெரியாமல் முன்னுரையை எழுத உட்காருவதால்தான் "மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவரும்…" என்று தொடங்குகிறார்கள். நடுப் பத்திகள் முடிந்தபின் எழுதினால் முன்னுரை மூன்று வரியில் அடங்கும்.

இப்போது திருத்துவது. முப்பத்தாறு நோட்டு, நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் மூன்று மணி நேரம். மூன்று வகுப்புக்கு ஒன்பது மணி. உன்னால் முடியாது, முடிந்தாலும் பயனில்லை. நாற்பது இடத்தில் சிவப்பைப் பார்க்கும் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடும். ஒரு வகுப்புக்கு நாளைக்கு ஒன்பது நோட்டு, நான்கு நாளில் ஒரு சுற்று. மூன்று வகுப்புகளையும் ஒரே வாரத்தில் எழுதவைக்காமல் வாரத்துக்கு ஒன்றாக மாற்றிவிடு, தினமும் முக்கால் மணி நேரத்தில் முடியும். ஒரு கட்டுரையில் இரண்டே விஷயத்தை மட்டும் திருத்து. எந்த இரண்டு என்பதை எழுதும் முன்பே சொல்லிவிடு. அடியில் "நன்று" போடாமல், பிள்ளை பதில் எழுத வேண்டிய ஒரு கேள்வியைப் போடு.

திரும்ப எழுதும்போது வரிசை முக்கியம்: முதலில் விஷயம், பிறகு எது முன் எது பின், பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்துப்பிழை. தலைகீழாகப் போனால் என்ன ஆகும் தெரியுமா? கஷ்டப்பட்டு ஒற்றுப் போட்டுத் திருத்திய வாக்கியத்தை வெட்டிப் போட எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது.

கட்டுரையில் கண்ணில் படும் குறைகளுக்குப் பெயர்கள் நம்மிடமே இருக்கின்றன. நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் சொல்லும் பத்துக் குற்றங்களில் மூன்றை எடுத்துக்கொள். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். ஓரத்தில் 'கூ', 'மற்', 'தேய்' என்று பென்சிலால் போட்டால் போதும். முதல் பத்தி பத்து வரி, இரண்டாவது ஆறு, கடைசி ஒன்றரை என்று மெலிந்துகொண்டே போகும் கட்டுரையில் 'தேய்' போட்டுப் பார், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். இரண்டு வாரத்தில் ஒருவர் நோட்டில் ஒருவர் போட ஆரம்பித்துவிடுவார்கள். போடுகிறவர் எந்த வரியில் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும், அது மட்டும் நிபந்தனை. இல்லாவிட்டால் நண்பனுக்கு ஒன்றும் போடாமல், ஆகாதவனுக்கு மூன்றும் போடுவார்கள்.

இலக்கணத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதே, எழுத்தோடு சேர்த்து நடத்து என்கிறேன். 2007-இல் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், நான்காம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுத்துப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவது எழுத்தை மேம்படுத்தவில்லை. திட்டமிடுவதையும் திருத்தி எழுதுவதையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது நல்ல பலன் தந்தது. சின்ன வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியும் பலன் தந்தது. இந்த இணைப்பு வேலைக்குத் தமிழைப் போல வசதியான மொழி கிடைக்காது. "கதவு திறந்தது. பூனை வந்தது. அது நனைந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை." இந்த நான்கையும் ஒன்றாக்கச் சொல். "திறந்த கதவு வழியே வந்த நனைந்த பூனை…" என்பான் ஒருவன், "நனைந்திருந்தாலும் யாரையும் பார்க்காமல்…" என்பாள் இன்னொருத்தி. இரண்டில் பூனைக்கு எதில் திமிர் அதிகம் என்று கேள். பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் அப்போது பெயரோடு நினைவில் நிற்கும். வசதி அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். "மழை பெய்து, நான் நனைந்து, அம்மா திட்டி, காய்ச்சல் வந்து" என்று ரயில் மாதிரி போகும், எழுவாய் எங்கோ இறங்கிப் போயிருக்கும். மூன்று எச்சத்துக்கு மேல் போனால் முற்றுப்புள்ளி என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்.

எழுத்துப்பிழைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு பட்டியல். ஒருவனுக்கு அறை, அரை. இன்னொருத்திக்கு மனம், மணம். ஒரே சொல்லை மூன்றாவது முறை தவறாக எழுதினால்தான் பட்டியலில் ஏறும். ஒற்றுக்கு எல்லா விதியையும் கொட்டாதே. 'ஐ' உருபுக்குப் பின், 'கு' உருபுக்குப் பின், அந்த-இந்த-எந்த என்பவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் மிகும். ஆறாம் வகுப்புக்கு இது போதும், அவர்கள் வாக்கியங்களில் அடிக்கடி வருபவை இவைதாம்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் இருபதில் விஷயத்துக்கு எட்டு, அமைப்புக்கு ஐந்து, வாக்கியத்துக்கு நான்கு, பிழைக்கு மூன்று. முதல் வரைவுக்குக் கிடையாது. நெட்டில் பார்த்து எழுதுவதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். முதல் வரைவு வகுப்பிலேயே, கையால், உன் கண் முன்னால் நடந்தால் அந்தக் கவலை முக்கால்வாசி தீரும். இரண்டாம் வரைவோடு முதல் வரைவையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துத் தரவேண்டும் என்று சொல்லிவிடு.

முதல் மாதம் முடிந்ததும் மூன்று நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு: நன்றாக எழுதுவது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பாதிப் பக்கத்துக்கு மேல் தாண்டாதது ஒன்று. நேரம் இல்லையென்றால் கடைசி நோட்டு மட்டும் போதும். இரண்டு வரைவும் தெரிகிற மாதிரி எடு.

உன்,
பழைய பெஞ்ச் தோழன்