டொட்டி பயந்து வீட்டோடு இருந்தவர் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரே கழகத்துக்கு விளையாடி ஓய்வு பெற்ற உதைபந்தாட்ட வீரர்கள் பற்றி சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். ரோம் நகரின் ரோமா கழகத்துக்கு விளையாடிய பிரான்செஸ்கோ டொட்டி பற்றிய பந்தியில், ரியல் மாட்ரிட் கூப்பிட்டபோது போகத் துணிவில்லாமல் வீட்டோடு இருந்துவிட்டார், அதனால்தான் ஒரே ஒரு லீக் பட்டத்தோடு முடிந்துபோனார் என்று இருந்தது. அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்து திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று பார்த்தால், இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நான் ரோமில் இருக்கிறவன். இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி இப்போது அதே சமையலறையில் சமையல்காரனாக நிற்கிறேன். டொட்டியின் நல்ல வருடங்களையும் கெட்ட வருடங்களையும் இந்த ஊர்க்காரர்களோடு நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இத்தாலிய லீக்கின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2001இல் ரோமா வென்ற பிறகு, 2023இல் நாப்போலி வெல்லும் வரை, அந்தப் பட்டம் டியூரின், மிலான் என்ற இரண்டு நகரங்களை விட்டு வெளியே வரவேயில்லை. டியூரினின் யுவென்டஸுக்குப் பின்னால் ஃபியட் கார்க் குடும்பம் இருந்தது, மிலான் நகரத்து இரண்டு கழகங்களில் ஏசி மிலானுக்குப் பின்னால் கோடீஸ்வரர் பெர்லுஸ்கோனி, இன்டருக்கு மொராட்டியின் எண்ணெய்ப் பணம். ரோமாவின் நிர்வாகத் தலைவர் பிராங்கோ சென்சி அந்த ஒரு பட்டத்துக்காகப் பட்ட கடன் கடைசிவரை அவரை விடவில்லை. 1927இல் தொடங்கிய கழகம் இதுவரை மூன்றே மூன்று தடவைதான் லீக் வென்றிருக்கிறது. 1942, 1983, 2001. மூன்றாவதை வென்று கொடுத்த அணியின் தலைவர் டொட்டி. பார்மாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் முதல் கோலும் அவருடையதுதான். 2002இல் ஒரு புள்ளியில் பட்டம் போனது, 2010இல் இரண்டு புள்ளியில். இதையெல்லாம் விட்டுவிட்டு 'ஒரே ஒரு பட்டம்' என்று எழுதினால் வாசிக்கிற பிள்ளைகள் என்ன நினைப்பார்கள், ஐயா?

துணிவு பற்றி அல்லவா எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். ரோமில் பிறந்த ஒருவன் ரோமாவுக்குத் தலைவனாக இருப்பது லேசான காரியமா? 1984 மே 30இல் சொந்த ஒலிம்பிக்கோ மைதானத்தில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தை லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றார்களே, அந்த அணிக்குத் தலைவர் அகொஸ்தீனோ டி பார்த்தலொமேய், ரோம்காரர். அந்தக் கோடையிலேயே அவரை மிலானுக்கு அனுப்பிவிட்டார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே மே 30இல், அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் ஜுசெப்பே ஜன்னீனி, டொட்டி சிறு வயதில் கொண்டாடிய வீரர். 2000ஆம் ஆண்டு, இதே ஊரின் எதிர்க் கழகமான லாத்சியோ பட்டம் வென்ற சில நாட்களில் அவருக்குப் பிரியாவிடை ஆட்டம் வைத்தார்கள். கோபத்தில் இருந்த ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி எல்லாவற்றையும் குழப்பிவிட்டார்கள், அந்த மனிதரால் ஒழுங்காக விடைபெற்றுப் போகக்கூட முடியவில்லை. இந்த ஊர் தன் பிள்ளைகளை இப்படித்தான் வைத்திருக்கும். போர்தா மெத்ரோனியாவில் வளர்ந்த டொட்டிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் 1998இல், 22 வயதில், தலைவரின் கைப்பட்டியைக் கட்டினார். 2017 வரை கட்டியிருந்தார்.

எங்கள் சமையலறையில் காலையில் வானொலியைப் போட்டால் ரோமாதான், மத்தியானம் போட்டாலும் ரோமாதான். நாள் முழுக்க இந்தக் கழகத்தைப் பற்றியே பேசுகிற நிலையங்கள் இங்கே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தைத் தவறவிட்டால் வியாழக்கிழமை வரை அதைப் பற்றியே பேசுவார்கள். தான் பிறந்த தெருவில் சும்மா நடந்து போக முடியாத மனிதர் அவர். மாட்ரிட்டில் தோற்றால் விமானமேறி ஊருக்கு வந்துவிடலாம். ரோமில் தோற்றால் எங்கே போவது?

சரி, மைதானத்துக்குள் துணிவு இருந்ததா என்று கேட்டால், 2000இல் ஆம்ஸ்டர்டாமில், ஒல்லாந்துக்காரர்களின் சொந்த மைதானத்தில், ஐரோப்பிய நாடுகளுக்கான கிண்ணத்தின் அரையிறுதிப் பெனால்டியில் கோல்காப்பாளர் வான் டெர் சாருக்கு எதிரே பந்தை மெல்லத் தூக்கிப் போட்டது யார்? 2006 பெப்ரவரியில் எம்போலிக்கு எதிரான ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. காலுக்குள் உலோகத் தகடோடு யூனில் உலகக் கிண்ணத்துக்குப் போய், அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்துப் பெனால்டியை அடித்து இத்தாலியைக் காப்பாற்றியதும் அவர்தானே. அடுத்த பருவத்தில் 26 லீக் கோல் போட்டு ஐரோப்பாவின் தங்கக் காலணியையும் வாங்கினார்.

உங்கள் இதழ் அவருக்கு இப்படிச் செய்வது இது முதல் தடவை அல்ல. டொட்டி பெயர் வரும்போதெல்லாம் 2004இல் டென்மார்க் வீரர் பௌல்சன் மீது துப்பியதை மறக்காமல் எழுதுகிறீர்கள். அது பிழைதான், அதற்குத் தடையும் பெற்றார். ஆனால் ஊரெல்லாம் தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்த பகிடிகளை அவரே தொகுத்துப் புத்தகமாக்கி, அந்தப் பணத்தைத் தொண்டுக்குக் கொடுத்தாரே, அதை ஒரு தடவையாவது எழுதினீர்களா? 2009இல், இன்னொரு ஒரே கழக வீரரான மல்டீனி மிலானில் 902 ஆட்டங்களோடு ஓய்வு பெற்றபோது, சொந்த ரசிகர்களில் ஒரு பகுதியினரே சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டத்தன்று அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது பற்றி மனம் வெந்து ஒரு கடிதம் அனுப்பினேன். இரண்டு வரியாகச் சுருக்கி, என் கருத்துக்கு நேர்மாறாகப் படும்படி போட்டிருந்தீர்கள். 2019இல் டி றொஸ்ஸி ரோமாவை விட்டுப் போனார். அவரும் இதே ஊர்ப் பிள்ளை. ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. அந்த மாதமும் எந்த வீரரை எத்தனை மில்லியன் யூரோவுக்கு விற்றார்கள் என்று இரண்டு பக்கம் இருந்தது. விலை இருந்தால்தான் ஒரு வீரர் உங்கள் கண்ணில் படுவாரா?

எனக்கு ஏன் இவ்வளவு நோகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். என்னோடு இத்தாலிக்கு வந்தவர்களில் அனேகம் பேர் லண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் பிள்ளைகளின் படிப்பும் பாடும் இருக்கிறது. ஆனால் கலியாண வீடுகளில் சந்திக்கும்போது, இன்னும் அங்கேயே கிடக்கிறாயா, வெளிக்கிட உனக்குப் பயமா என்று கேட்பார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, இந்த வேலை பிடித்திருக்கிறது, என் பிள்ளைகள் இந்தத் தெருக்களில் ஓடி வளர்ந்தவர்கள். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருக்கிற இடத்திலேயே இருப்பவனுக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். உங்கள் கட்டுரையும் அதையே அச்சில் போட்டுவிட்டது.

2017 மே 28, ஜெனோவாவுக்கு எதிரான அவருடைய கடைசி ஆட்டம். இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் சமையலறையில் ஒருவரும் வேலை செய்யவில்லை. ஒரு கைத்தொலைபேசியை மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் நின்றோம். இரண்டாம் பாதியில் சலாவுக்குப் பதிலாக இறங்கினார். ஆட்டம் 3-2 என்று முடிந்த பிறகு, மைதானத்தைச் சுற்றி வந்து ஒரு கடிதம் வாசித்தார். தனக்குப் பயமாக இருக்கிறது, கொஞ்சம் பயப்பட அனுமதியுங்கள் என்று 40 வயது மனிதர், உலகக் கிண்ணம் வென்றவர், அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் சொன்னார். எங்கள் தலைமைச் சமையல்காரர், நான் பார்த்து ஒருநாளும் குரல் தளராத மனிதர், திரும்பி நின்று அழுதார். பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையனும் அழுதான். ரோமாவைப் பற்றி அவனுக்கு அதற்கு முன்பு என்ன தெரியும்? நீங்கள் எழுதியதுபோல ஒரு மனிதர் பயத்தில் முடிந்துபோயிருந்தால் அவருக்காக ஒரு நகரம் இப்படி அழுமா?

பிறகு கழக நிர்வாகத்தில் இருந்தார். எதிலும் தன் பேச்சுக்கு இடமில்லை என்று கண்டு 2019 யூன் 17இல் அதையும் விட்டு வெளியேறினார். பட்டம் வென்ற அதே திகதி, 18 வருடம் கழித்து. போகத் தெரியாதவர் அல்ல அவர் என்பதற்கு இதுவும் சாட்சி.

அந்தக் கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. கட்டுரையில் டொட்டி ரோமாவுக்கு மொத்தம் 250 கோல் போட்டதாக இருக்கிறது. அது லீக் கோல்கள் மட்டும், 619 ஆட்டங்களில். எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 786 ஆட்டங்களில் 307. இந்தத் திருத்தத்தை அடுத்த இதழில் போடுங்கள். என் கடிதத்துக்கு இடம் இல்லையென்றால், தயவுசெய்து இந்த முறை சுருக்க வேண்டாம், அந்த எண்களை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
ரோம், இத்தாலி