ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தொலைபேசியில் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது அப்பா" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி இதை முடிக்க உனக்கு அரை மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

திருத்திய கட்டண ரசீது வந்தது. கட்டிவிட்டேன். முதல் ரசீதில் இருந்த வேதியியல் ஆய்வகக் கட்டணம் இதில் இல்லை. கணக்குப் பிரிவில் விட்டுப்போயிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இங்கே நியூஜெர்சி எடிசனில் குளிர் தொடங்கிவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தாயிற்று.

ஃபிரிட்ஜில் இருக்கும் தாளை நேற்று மறுபடி பார்த்தேன். நீ கல்லூரி சேர்ந்த அன்று நான் நான்கு நிறத்தில் போட்டுக் கொடுத்த அதே அட்டவணை. முதலாண்டு பொது வேதியியல், இரண்டாமாண்டு கரிம வேதியியல், மூன்றாமாண்டு இயற்பியலும் உயிர்வேதியியலும், அந்த மே மாதம் மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு எம்கேட், ஜூனில் விண்ணப்பம். மதிப்பெண் வர ஒரு மாதம் ஆகும் என்பதால்தான் மே என்று போட்டேன். எந்த அவசரம் வந்தாலும் உயிர்வேதியியல் முடிக்காமல் எம்கேட் எழுதாதே. 2015இல் தேர்வை மாற்றியபோது அதையும் உளவியலையும் சமூகவியலையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். கரிமம் முடியாமல் உயிர்வேதியியலில் உட்கார விடமாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். முதல் கரிம வகுப்பைப் பல கல்லூரிகளில் இலையுதிர் செமஸ்டரில்தான் வைக்கிறார்கள். அங்கே ஒன்று தள்ளினால் மற்றதெல்லாம் ஓர் ஆண்டு தள்ளும். பொதுவாகச் சொல்கிறேன். உனக்காகச் சொல்லவில்லை.

கோடையில் பத்தே வாரத்தில் இரண்டு கரிம வகுப்பையும் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. சாப்பிடவும் மறந்துபோவாய்.

உன்மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. எம்கேட்டின் நான்கு பகுதிகளில் எல்லோரும் நடுங்குவது அந்த வாசிப்புப் பகுதிக்குத்தான், 90 நிமிடத்தில் 53 கேள்விகள். நீ பத்து வயதில் தாத்தாவின் பழைய விகடனை ஒரு எழுத்து விடாமல் வாசித்தவள். அதில் 132க்கு 130 வாங்குவாய் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். ஆனால் கல்லூரி ஆலோசகரைப் போய்ப் பார் என்று ஆகஸ்ட் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்த்தாயா? இங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் பணம் கட்டலாம், உன் அனுமதி இல்லாமல் கல்லூரியிடம் மதிப்பெண்ணை உரிமையாகக் கேட்க முடியாது. நல்ல சட்டம்தான்.

போன ஞாயிறு பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா, "உங்கள் பெண் எப்போது எம்கேட் எழுதுகிறாள்?" என்று கேட்டார். "மூன்றாமாண்டு முடிவில், மே மாதம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் புளியோதரை இறங்கவில்லை.

உயிர்வேதியியலுக்கு முன் மட்டும் எழுதாதே. வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம், ஓராண்டில் மூன்று முறை. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் அது ஒரு முறையாகக் கணக்காகும். அந்த விதியை வாசித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

எங்கள் காலத்தில் அப்படிக் கணக்கு வைத்துக்கொள்ள ஆள் இல்லை. 1988இல் நுழைவுத் தேர்வு எழுதி எனக்கு இடம் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மறுபடி ஓராண்டு வீட்டில் இருந்து படித்து, 1989இல் எழுதி, மயிரிழையில் தவறவிட்டேன் என்பதும் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த இரண்டாவது தேர்வை நான் எழுதவே இல்லை, பாப்பா. திருச்சியில் தேர்வு நடந்த பள்ளியின் வாசல்வரை போனேன். தாத்தா வாங்கிக் கொடுத்த புதுப் பேனா சட்டைப்பையில் இருந்தது. திரும்பி நடந்து சத்திரம் பஸ் நிலையத்தில் முக்கொம்பு பஸ் ஏறிவிட்டேன். மே மாதம், ஆற்றில் வெறும் மணல். சாயங்காலம்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய், "இயற்பியல் கொஞ்சம் கடினம்" என்றேன்.

தாத்தா கடைசிவரை, திருத்தியவன்தான் என் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீர்காழி அத்தை கல்யாணத்தில்கூட யாரோ ஒரு கல்வி அதிகாரியைப் பிடித்துவைத்து நியாயம் கேட்டார். நான் பக்கத்தில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்பட்டிருப்பார் என்று நான் பயப்படவில்லை. என்னைப் பற்றி அவர் சொல்லிச் சந்தோஷப்பட்ட கதையை அவரிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை. அம்மாவுக்கும் இன்றுவரை தெரியாது.

உனக்கு அந்த நான்கு நிறத் தாளைப் போட்டபோது உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக ஞாபகம் இல்லை.

மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களில் பாதிக்கும் மேல் கல்லூரி முடித்து ஓராண்டாவது இடைவெளி விட்டவர்கள்தானாம். இதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்குப் புதன்கிழமை மாலை பஸ்ஸில் உனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீல டப்பாவை மறக்காமல் கொண்டு வா, அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். ஆய்வகக் கட்டணம் பற்றிக் கணக்குப் பிரிவுக்கு நான் எழுதப்போவதில்லை.

அன்புடன்,
அப்பா