பருவ இறுதிக் கடிதம்: பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். ஓவியப் போட்டியிலும் அறிவியல் கண்காட்சியிலும் பரிசுகள் வந்தன. நூலகத்தில் புதிய புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. விடைத்தாள்களைப் பெற்றோர் கூட்டத்தன்று பெற்றுக்கொள்ளலாம். உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்பில் மதிய இடைவேளையின்போது இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்டு விசாரித்தால், முந்தைய இரவு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒரு வீடியோதான் காரணம். ஒருவர் அதை அனுப்ப, இன்னொருவர் பொய் என்று சொல்ல, பதிலுக்குப் பதில் நள்ளிரவு வரை நீண்டிருக்கிறது. பெரியவர்கள் காலையில் அதை மறந்திருப்பீர்கள். பிள்ளைகள் மறக்கவில்லை. "உங்க அப்பா பார்க்கிற சேனலே பொய்" என்று ஒரு பிள்ளை சொன்னதும் மற்றவன் கை ஓங்கிவிட்டான்.

எங்கள் கணினி ஆசிரியர் அந்த வீடியோவின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து, அந்தப் படத்தைக் கொண்டே இணையத்தில் தேடினார். பல ஆண்டுகளுக்கு முன்பு, முற்றிலும் வேறு இடத்தில் எடுத்த வீடியோ அது. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அனுப்பிய பெற்றோர் மீது எனக்கு வருத்தமில்லை. பார்த்ததும் பதறி, மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறார். பொய்ச் செய்தி பெரும்பாலும் இப்படி நல்ல மனிதர்களின் கை வழியாகத்தான் பரவுகிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018இல் சயின்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆவதற்கான வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. தானியங்கிக் கணக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் அதே நிலைதான்.

இந்தச் சண்டைக்குப் பிறகு எட்டாம் வகுப்புக்கு நானே ஒரு பாடவேளை எடுத்தேன். பலகையில் 2, 4, 6 என்று எழுதினேன். "இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. நீங்கள் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன். விதி என்னவென்று கண்டுபிடியுங்கள்" என்றேன். 8, 10, 12 என்றார்கள். பொருந்தும் என்றேன். 20, 22, 24. பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூட்ட வேண்டும், அதுதான் விதி" என்று வகுப்பே கத்தியது. இல்லை என்றதும் அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று எண்களும் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 1, 7, 50 என்றாலும் பொருந்தும். தங்கள் யூகத்தைப் பொய்யாக்கக்கூடிய எண்களை அதுவரை யாருமே சொல்லிப் பார்க்கவில்லை. இது பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை. அவரிடம் வந்த பெரியவர்களிலும் பெரும்பாலோர் முதல் முயற்சியில் இப்படித்தான் தவறினார்கள்.

செய்தி பார்க்கும்போதும் நாம் இதைத்தான் செய்கிறோம். ஏற்கெனவே நம்புவதற்கு 'பொருந்தும்' என்று சொல்லும் சேனலையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அப்புறம், அதற்கு 'நடுநிலை' என்றும் பெயர் வைத்துவிடுகிறோம். 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில், பாலஸ்தீன அகதிகள் வாழ்ந்த பகுதியில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை, இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினார்கள். 1985இல் முடிவு வெளியானது. இரு தரப்புமே, செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

நான் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஆசிரியர்களோடு சேர்ந்து இரண்டு நாளிதழ்களை ஒப்பிட்டபோது, எனக்குப் பிடிக்காத செய்தியை முதல் பத்தி முடிவதற்குள்ளேயே 'ஒருதலைப்பட்சம்' என்று முடிவு கட்டியிருந்தேன். பிடித்த செய்தியில் ஆதாரம் எங்கே என்று தேடவே இல்லை. இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அது உறைத்தது.

சாய்வே இல்லாத ஒரு செய்தித்தாளைத் தேடினால் கிடைக்காது. வேறு வேறு பக்கம் சாய்பவற்றைச் சேர்த்து வாசிப்பதுதான் வழி. ஒரே பேச்சை ஒரு தாள் 'தெரிவித்தார்' என்கிறது, இன்னொன்று 'ஒப்புக்கொண்டார்' என்கிறது, மூன்றாவது 'மழுப்பினார்' என்கிறது. அந்த வினைச்சொல்லிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். எதை விட்டுவிட்டார்கள் என்று பார்த்தால் மீதியும் தெரியும். ராய்ட்டர்ஸ், ஏ.பி. போன்ற செய்தி நிறுவனங்கள் தரும் மூலச் செய்தியைத் தேடிப் படிப்பதும் உதவும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எல்லாவற்றிலும் இரு தரப்புக்கும் சம இடம் கொடுப்பது நடுநிலை ஆகிவிடாது. பூமி உருண்டை என்பதற்கு எதிர்த்தரப்பு தேவையில்லை.

இப்போது சொல்வதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வகுப்புக் குழுக்கள் பாடம், வருகை, பள்ளி அறிவிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே. அரசியல் செய்திகள், வீடியோக்கள், 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறியோடு வரும் தகவல்கள் எதையும் அங்கே பகிரக் கூடாது. அந்தக் குறி இருந்தால், குறைந்தது ஐந்து கை மாறி வந்த தகவல் என்று பொருள். மீறினால் வகுப்பாசிரியர் அதை நீக்குவார். மறுபடியும் நடந்தால், ஆசிரியர் மட்டுமே பதிவிடும்படி அந்தக் குழு மாற்றப்படும். ஒரு பிள்ளையின் வீட்டை இன்னொரு பிள்ளை இழிவாகப் பேசும் நிலை இந்தப் பள்ளியில் வருவதை நான் அனுமதிக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, அந்த எண்ணமும் இல்லை. விடுமுறையில் ஒரே ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். ஏதாவது ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் பார்க்காத ஓர் இடத்திலும் அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து வாசியுங்கள். இரண்டிலும் வேறுபடும் சொற்களை அவர்கள் நோட்டில் எழுதட்டும். உங்களுக்குக் கோபம் வந்த இடம் எது என்பதையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் நாளில் அந்த நோட்டுகளை நானே வாங்கிப் படிப்பேன்.

அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோர்களும் மறுநாளே பள்ளிக்கு வந்து, என் அறையில் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். வீடியோ தவறானது என்று குழுவிலும் எழுதினார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. பொறுமையாக இதைப் படித்த உங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்