குட்டை நெல்லும் ‘ஹார்மோன்’ பழியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நெல் கட்டுரை, குட்டை ரகங்களை ‘ஹார்மோன் ஏற்றிய நெல்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. டெல்டா டீக்கடைகளில் அடிபடும் பேச்சுதான். அச்சிலும் ஏறிவிட்டதால் எழுதுகிறேன்.

விஷயம் நேர்மாறானது. நெற்பயிரை நெடுநெடுவென உயர்த்தும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனைப் பயிரே சுரந்துகொள்கிறது. செல்லுக்குள் டெல்லா என்றொரு புரதம், வளர்ச்சி மரபணுக்களை இயங்கவிடாமல் தடுத்து நிற்கும். ஜிப்ரலின் வந்தால் டெல்லா சிதையும், மரபணுக்கள் இயங்கும், தண்டு நீளும். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகத்தில் ஜிப்ரலின் தயாரிப்புக்கான மரபணு ஒன்று பழுது. சுரப்பு குறைவு, தண்டும் குட்டை. உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் எளிதில் சாயாது. அந்தப் பழுதும் தைவானின் பாரம்பரிய ரகம் ஒன்றிலிருந்து கலப்பின முறையில் எடுத்ததுதான். ஏற்றியது எங்கே?

சம்பா மூழ்கும்போது நடப்பதைப் பாருங்கள். நீருக்கடியில் பயிரின் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்கும். அது ஜிப்ரலினைத் தூண்ட, சாதாரணப் பயிர் மூச்சுக்காகத் தலையை நீட்டும். நாலைந்து நாளில் சேமிப்பெல்லாம் கரைந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1ஏ மரபணு உள்ள பயிரிலோ அதே எத்திலீன் அந்த மரபணுவை முடுக்கிவிடும்; டெல்லா வகைப் புரதங்கள் கூடும்; பயிர் நீளாமல் அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தும் தண்ணீர் வடிந்தபின் புதிதாகத் துளிர்க்கும். 2006-ல் அடையாளம் கண்ட இந்த மரபணு, ஒடிசா விவசாயிகளின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் தந்தது. நம்மூர் சி.ஆர்.1009 சப்-1 ரகத்துக்குள்ளும் இதைக் கலப்பின முறையில்தான் கொண்டுவந்தார்கள். மரபணு மாற்றுப் பயிர் அல்ல.

பாரம்பரிய நெல்லை ஆதரிப்பவன்தான் நானும். அதற்காக மற்றதைப் பழிக்க வேண்டியதில்லை. ஒடிசா நெல்லின் பெருமையே போதும். மழை வெள்ளம் வடியாத கடைமடைக்குத் தேவை வேறு. எங்கள் பகுதியில் சப்-1 விதை கேட்டுப் போனால், நாற்றங்கால் விட்ட பிறகுதான் ‘வந்திருக்கிறது’ என்கிறார்கள். அடுத்த கட்டுரையில் அதை விசாரித்து எழுதுங்கள்.

– வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி