வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை 1828இல் நம் கும்பகோணத்தில் பிறந்த திருவிதாங்கூர், இந்தூர், பரோடா சமஸ்தானங்களில் திவானாக இருந்த சர் டி. மாதவராவுக்கே ஒதுக்கினோம். திருவனந்தபுரத்தில் ஸ்டாச்சு சந்திப்பில் இறங்கியவர்கள் நம்மில் பலர். அங்கே தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் சிலை நம் ஊர்க்காரருடையது என்பது இளைய உறுப்பினர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அதிகக் கூட்டங்களை எடுத்துக்கொண்டது திருவிதாங்கூர்தான். இளவரசர்களுக்கு ஆசிரியராகப் போனவர், முப்பது வயதை ஒட்டி திவானாகிவிட்டார். கஜானா அப்போது கடனில் இருந்தது. வரியைக் கூட்டுவதுதான் சுலபமான வழி. அவரோ 1860இல் மிளகு வியாபாரத்தில் அரசுக்கு இருந்த ஏகபோகத்தை எடுத்துவிட்டு, ஏற்றுமதித் தீர்வையை மட்டும் வைத்தார். 1865இல் வந்த பாட்டப் பிரகடனம் சர்க்கார் நிலத்தை உழுதவர்களுக்கு அந்த நிலத்தின் மேல் முழு உரிமை கொடுத்தது. அதன் பிறகு அவர்கள் நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். அவர் செய்தவற்றில் இதுவே பெரிது என்பது என் எண்ணம்.

தோள்சீலைப் போராட்டம் பற்றிய கூட்டத்தில் விவாதம் சூடாகவே நடந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றது 1859ஆம் ஆண்டுப் பிரகடனம். மாதவராவ் திவானாக இருந்த காலத்தில் வந்த ஆணை அது. காலத்தைப் பார்க்க வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். அந்தப் பெண்களுக்கும் அதே காலம்தானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதைக் குறிப்பேட்டில் அப்படியே பதிந்திருக்கிறேன்.

1872இல் மன்னர் ஆயில்யம் திருநாளோடு மனக்கசப்பு ஏற்பட்டு மாதவராவ் விலகினார். அடுத்து இந்தூர், அதை ஒரே கூட்டத்தில் முடித்தோம். 1875இல் பரோடா. அங்கே மன்னர் மல்ஹர் ராவ் கெய்க்வாட் பதவி நீக்கப்பட்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூன்றாம் சயாஜிராவ் அரியணை ஏறிய நேரம். நிர்வாகம் முழுவதும் மாதவராவ் தலையில் விழுந்தது. ஏழு ஆண்டு உழைத்து, ஆளத் தயாரான ஓர் இளைஞனிடம் ஒழுங்கான அரசாங்கத்தை ஒப்படைத்துவிட்டு 1882இல் வெளியேறினார். 1887இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவர் அவர்தான். 1891இல் மறைந்தார்.

சந்தா நிலுவை கொஞ்சம் இருக்கிறது, தயவுசெய்து கட்டிவிடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். சென்னையில் ஆசிரியர் பவல் துரையிடம் மாதவராவைப் போலவே படித்தவர், திருவிதாங்கூரில் அவருக்கு அடுத்த திவான், பிறகு புதுக்கோட்டைக்குப் போனவர் சேஷையா சாஸ்திரி. அவரை எடுத்துக்கொள்ளப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்