மண்டாய்க் கடமான்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள மாறனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மசினகுடியில் உன் வீட்டுக்குப் பின்னால் கடமான்கள் கூட்டமாக வந்து மேய்வதாக எழுதியிருந்தாய். இங்கும் கடமான் உண்டு, ஆனால் அதன் பூர்வோத்தரம் வேறு.

இத்தீவின் பழைய கடமான்கள் வேட்டையாலும் காடழிப்பாலும் 1940களில் அற்றுப்போயின என்றே கருதப்படுகிறது. இன்று மண்டாய்ப் பக்கம் தென்படுபவை, 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய சிலவற்றின் வழிவந்தவை. சென்ற மாதம் அந்தியில் சாலையோரம் ஓர் ஆண் மானைப் பார்த்தேன். கழுத்தின் அடியில் மயிர் உதிர்ந்து சிவந்திருந்த வட்டத்தைக் காயம் என்று எண்ணிப் பேரன் பதறினான்; கடமானுக்கு அது இயல்பு என்று சொல்லித் தேற்றினேன். மற்றபடி நல்ல வளர்த்தி. ஆனால் உடல்வாகு மரபணுவின் நிலையைச் சொல்லிவிடாது.

சில மான்களிலிருந்து பெருகிய கூட்டத்தில், அந்தச் சிலவற்றிடம் இருந்த மரபணு வகைகளைத் தவிர வேறெதுவும் இருக்க வழியில்லை. அவற்றிலும் சில, தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாகவே தொலைந்துவிடும். போதாக்குறைக்கு, வலிய ஆண்கள் சிலவே பெரும்பாலான குட்டிகளுக்குத் தந்தையாவதால், நூறு மான்களை எண்ணினாலும் மரபுக் கணக்கில் அவை மிகக் குறைவே. ஜெர்மனியின் வடபகுதியில் தனித்துப்போன ஒரு சிவப்பு மான் கூட்டத்தில், கீழ்த்தாடை குறுகிய குட்டிகள் பிறந்ததற்கு நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைந்து பெருகும் உள்ளினக் கலப்பே காரணமாகக் காட்டப்பட்டது.

சீனத்தின் டேவிட் மானை நீ மறுப்பாகக் காட்டுவாய் என்று தெரியும். சொந்த நாட்டில் அழிந்து, இங்கிலாந்தில் சேர்த்துவைத்த 18 மான்களின் வழியில் பிழைத்து, 1985இல் பெய்ஜிங்குக்குத் திரும்பி, இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. ஆனால் அதற்கு வேலியும் காவலும் இருந்தன. ஒரு புதிய நோய் வந்தால் தாங்குமா என்பதற்கு எண்ணிக்கை மட்டும் பதிலாகாது.

மண்டாயில் சாலைக்கு மேலே 2019இல் திறந்த விலங்குப் பாலத்தைக் கடமான்கள் பயன்படுத்துகின்றன. சாலைவிபத்து குறைய அது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலத்தின் இருபுறமும் நிற்பவை உறவுக்காரர்களே. முதுமலையில் பிறந்த இளம் ஆண் மான் பந்திப்பூருக்கோ வயநாட்டுக்கோ நடந்து போய்ப் புது இரத்தம் சேர்க்கும் வாய்ப்பு இங்கே இல்லை. மலேசியாவிலிருந்து நான்கைந்து பெண் மான்களைக் கொண்டுவரலாமே என்கிறார் நண்பரொருவர். அதற்கு முன் புழுக்கைகளைச் சேகரித்து, அவற்றிலுள்ள மரபணுவைப் படித்தறிய வேண்டும் என்பது என் கட்சி.

வனத்துறையில் இருந்தபோது நீ அந்த வேலையைச் செய்தவனாயிற்றே. அடிக்கடி மழை பெய்யும் இந்த ஊரில், எவ்வளவு நேரத்துக்குள் பொறுக்கினால் புழுக்கை ஆய்வுக்குத் தேறும்? எதில் போட்டு வைப்பது? விவரமாக எழுது.

அன்புடன்,
இளங்கோ