கொழும்புப் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுங்கள்

கல்வி அமைச்சின் பாடவிதானப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மகள் தமிழ் மொழிமூலம் தரம் 9இல் படிக்கிறாள். சென்ற தவணையில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு 83 புள்ளிகள். அதே வாரம் வீட்டில் குழாய் உடைந்தது. திருத்த வந்தவர், தண்ணீரை எங்கே பூட்டுவது என்று சிங்களத்தில் கேட்டார். 83 புள்ளிக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றிரவு அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். விலங்குகள், நிறங்கள், 'எனது பாடசாலை' பற்றிப் பத்து வசனங்கள். எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. பிழை சொல்ல முடியாது. ஆனால் எவரோடும் பேசுவதற்கான ஒரு வசனம்கூட அதில் இல்லை. மேல்மாடிச் சிங்களப் பையனும் தமிழ் படிக்கிறான். என்னைக் கண்டால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான், பாவம்.

கொழும்பு மாநகர எல்லைக்குள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என எந்தச் சமூகமும் பாதியை எட்டவில்லை. கொம்பனித்தெருவில் மலாயரும் உண்டு. புறக்கோட்டைக் கடைப் பையன் ஒரே மூச்சில் இரண்டு மொழியில் விலை பேசுகிறான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பாடசாலை அல்ல.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. நல்லது. ஆனால் தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் அதே மொழி விருப்பப் பாடம்தான். பதினைந்து வயதில் கைவிடச் செய்துவிட்டு, முப்பது வயதில் பிடித்திழுத்துப் பரீட்சை வைப்பது என்ன கணக்கு?

றோயல் கல்லூரி போல, ஒரே மதிலுக்குள் இரண்டு மொழிமூல வகுப்புகளும் இருக்கும் பாடசாலைகள் இந்த நகரத்தில் உண்டு. அங்கிருந்து தொடங்கலாம். வாரத்தில் ஒரு பாடவேளைக்கு இரண்டு வகுப்பையும் கலந்து உட்கார வையுங்கள். பாதி நேரம் சிங்களம், பாதி நேரம் தமிழ். கொப்பி மூடியே இருக்கட்டும். புதிய கட்டடமும் வேண்டாம், புதிய நூலும் வேண்டாம். தனித்தனி மொழிமூலப் பாடசாலைகளில் இது கடினம் என்பது தெரியும். அங்கே மற்ற மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியரையாவது அனுப்புங்கள், பேச்சுக்கும் புள்ளி கொடுங்கள்.

குழாய்க்காரர் கடைசியில் கையைத் திருகிக் காட்டினார். மகள் ஓடிப்போய் வால்வை மூடினாள்.

இப்படிக்கு,
ஒரு தாய், வெள்ளவத்தை